லக்கலப் பாதையில் ஒரு புதுச் சத்தம்

மாத்தளை,
நோன்பு பதினெட்டு, 1974.

அன்புள்ள தம்பி புஹாரிக்கு,

உன் ராத்தா மஸீஹா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நீயும் றஸ்மியாவும் பிள்ளைகளும் கொழும்பில் நோன்புகளைக் குறைவில்லாமல் நோற்றுவர அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கே நானும் உன் மச்சானும், அவருடைய ராத்தா நூருன்னிஸா மதினியும் சுகம். லொறியும் சுகம். எங்கள் மூவரின் காதுகள்தான் அவ்வளவு சுகமில்லை.

இன்று விடியுமுன் ஸஹருக்கு எழுந்ததும் நான் முதலில் செய்த வேலை, அலமாரியிலிருந்த கோப்பைகளை எல்லாம் இறக்கிப் பாயின்மேல் வரிசையாகப் படுக்க வைத்ததுதான். அடுப்பு மூட்டியதுகூட அதற்குப் பிறகுதான். உன் மச்சான் மலைக்கு அப்பால் லக்கலப் பக்கம் சரக்கு ஏற்றப் போகிற புதன், சனிகளில் இது என் வழக்கமாகிவிட்டது. லொறி முற்றத்தில் நின்று சூடாகிற கொஞ்ச நேரத்துக்குள் அலமாரியிலிருக்கும் கோப்பைகள் மெல்ல மெல்ல விளிம்பை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். முதல் வாரம் இது எனக்குத் தெரியாது. உம்மா என் கலியாணத்துக்குத் தந்த செட்டில் இப்போது சாசர்கள் எல்லாம் இருக்கின்றன, அவற்றின்மேல் வைக்கக் கோப்பைகள்தான் போதாது. பெருநாளுக்கு நீ வரும்போது உனக்குக் கிளாசில்தான் தேத்தண்ணி. இப்போதே சொல்லிவைக்கிறேன், அங்கே வந்து முகத்தைச் சுருக்காதே.

நீ மூன்று கடிதம் எழுதிவிட்டாய். "நான் கடைந்து அனுப்பிய கேம் ஷாப்ட் எப்படி ஓடுகிறது, ஏன் ராத்தா ஒரு வரிகூட எழுதவில்லை" என்று மூன்றிலும் கேட்டிருக்கிறாய். கடைசிக் கடிதத்தில், பெருநாளுக்கு உங்கள் வேர்க்ஷொப் பெரிய பாஸையும் கூட்டிக்கொண்டு வரப்போவதாகவும், அவர் அதன் சத்தத்தைத் தன் காதால் கேட்க ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறாய். அவரை ஊர் எல்லையில் களுதாவளையிலேயே இறக்கிவிட்டாலும் போதும், அங்கிருந்தே கேட்கும். ஆனால் நடந்ததை எல்லாம் எழுதாமல் உங்களைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. நோன்போடு உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று. இந்த வேலைக்கு உன் மச்சான் பொறுப்பில்லை. கேட்டது நான். அவர் வாயால் ஒருநாளும் லொறியைக் குறை சொன்னதில்லை. ரத்தோட்டை தாண்டி மலை ஏறும்போது அது போகிற வேகத்தில், பின்னால் ஏறியிருந்த சனங்கள் இறங்கி நடந்து, வழியில் விறகு பொறுக்கி, மறுபடியும் ஏறிக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு ஹாஜியார் இறங்கி, ஓடையில் வுளூச் செய்து, லுஹர் தொழுதுவிட்டு, அடுத்த வளைவில் ஏறினாராம். உன் மச்சான் அதைப் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவளின் வீட்டு லொறி இப்படி இருமிக்கொண்டு ஏறலாமா என்று ஒரு ரோசம். கேம் ஷாப்ட் தண்டின் மேடுகள் தேய்ந்துபோனால் வால்வுகள் முழுதாகத் திறக்காது, வால்வு திறக்காவிட்டால் எஞ்சின் எப்படி மூச்சு விடும் என்று நான் அவருக்கு புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியை வைத்து விளக்கினேன். தெரிந்தவனுக்கே விளக்குகிறாளே என்று நீ சிரிப்பாய், பள்ளிக்கூடத்துப் பழக்கம். அவர் கேட்டுவிட்டு, "அது மூச்சு விடாட்டியும் நான் விட்டுக்கிட்டுத்தானே ஈக்கிறேன் டீச்சர்" என்றார். அப்போது நான் நிறுத்தியிருக்க வேண்டும். குறையைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாத குணம் எனக்கு இருக்கிறது. திருத்தினால் என்ன ஆகும் என்று கேட்கிற குணம் அதோடு சேர்ந்து வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து புதுச் சாமான் இறக்க முடியாத காலம் என்று நீ பழைய தண்டிலேயே உலோகம் ஏற்றி, மேடுகளை முந்தியதைவிட உயரமாகக் கடைந்து, கடினமான ஸ்பிரிங்குகளோடு அனுப்பினாய். வேகப் போட்டிக் கார்களுக்குப் போடுகிற அளவு என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உன் மச்சான் கொண்டுபோகிறது பூசணிக்காய்.

கராஜில் விட்டால் மாதக் கணக்கில் கிடக்கும், லீவில் வீட்டிலேயே செய்வோம் என்று சொன்னதும் நான்தான். பின்முற்றத்துப் பலாமரத்தின் கீழ் லொறியை நிறுத்தி, முகத்தைக் கழற்றி, ரேடியேட்டரைக் கழற்றி, மேலே மூடியைத் திறந்து, வால்வுகளைத் தள்ளிவிடுகிற கம்பிகள் பன்னிரண்டையும் உருவி எடுத்தோம், நீ கடைந்த அந்தப் பழைய தண்டை வெளியே எடுத்து உனக்கு அனுப்பியதும் அப்போதுதான். எந்தக் கம்பி எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்துக்குத்தான் திரும்பப் போக வேண்டும், ஒவ்வொன்றும் தன் இடத்துக்குப் பழகித் தேய்ந்திருக்கும் என்று நீ கோடு போட்டு எழுதியிருந்தாயே, அதன்படி ஒரு சப்பாத்துப் பெட்டி அட்டையில் துளை போட்டு, நம்பர் எழுதி, ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தேன். வால்வுகளை இடியப்பத் தட்டுகளில் வரிசையாக வைத்தேன். அடுத்த நாள் பராத் விசேஷம். நான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கூட்டத்துக்காகப் போய்விட்டு வந்து பார்த்தால் வீடு கழுவித் துடைத்துப் பளபளவென்று இருக்கிறது. அட்டை இல்லை, தட்டு இல்லை.

"மதினி, இங்க நம்பர் போட்டு வெச்சிருந்த கம்பிகள் எங்க?"

"எந்தக் கம்பி? ஓ, அதுவா. கரியும் எண்ணையுமாக் கெடந்திச்சி. பராத்தும் அதுவுமா வீட்டுக்குள்ள இப்புடி அழுக்கு ஈக்கலாமா மஸீஹா? சாம்பலும் புளியும் போட்டுத் தேச்சி, வெயில்ல காய வெச்சி, பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்துல அடுக்கி வெச்சீக்கிறேன். போய்ப் பாரு, வெள்ளி மாதிரி ஈக்கி."

உண்மையிலேயே வெள்ளி மாதிரி இருந்தன. பன்னிரண்டும் ஒரே மாதிரி இருந்தன. வால்வுகளைப் பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம் என்று வடிவாகப் பிரித்து, சின்னச் சின்னக் குடைகள் போல மேசையில் நிறுத்தியிருந்தார். பாராட்டை எதிர்பார்த்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். உன் மச்சான்தான், "மாஷா அல்லாஹ் ராத்தா, கம்பனியிலகூட இப்புடிச் செஞ்சி அனுப்ப மாட்டாங்க" என்றார். பிறகு அவரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு வால்வையும் கிடைத்த வாயில் வைத்து, பொருந்தும்படி அரைக்கும் பசை போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கை கொப்பளிக்கிற வரைக்கும் தேய்த்து, வழிக்குக் கொண்டுவந்தோம். மதினியிடம் இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த பராத்துக்கு லொறி முழுவதையும் கழுவித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற ஆயுதம் எங்களிடம் இல்லை. கடையிலும் இல்லை. அதற்கு யோசனை கண்டுபிடித்தவளும் நான். இடியப்ப உரலின் அடித் தட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங்கின் மேல் வைத்து, ஆளுக்கொரு பிடியைப் பிடித்து அமுக்கினால் போதும். பத்து ஸ்பிரிங்குகள் நல்ல பிள்ளைகளாக இறங்கின. பதினோராவது நீ சொன்ன அளவுக்கே கடினமானது என்பதை நிரூபித்துவிட்டு, எங்கள் இருவர் தலைக்கும் நடுவால் பறந்து, வேலிக்கு அப்பால் ராசம்மாவின் வீட்டு முற்றத்தில் புளி காயப்போட்டிருந்த பாயில் போய் விழுந்தது. ராசம்மா வேலிக்கு மேலால் அதை நீட்டி, "டீச்சர், ஒங்க வீட்டு இடியப்பம் இவ்வளவு கெட்டியாவா இருக்கும்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்த உரலில் பிழிகிற இடியப்பத்தில் கிறீஸ் வாசம். நோன்பு திறக்க நான் பிழிந்துவைக்கிற இடியப்பத்தை உன் மச்சான் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிடுகிறார். மதினி பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொள்கிறார்.

இவ்வளவும் எழுதினாலும் ஒன்றை மறைக்க மாட்டேன், அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. கேம் ஷாப்டை முன்னால் நுழைத்து, இரண்டு பற்சில்லுகளிலும் அடையாளமாகக் குத்தியிருக்கும் புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பூட்டுகிற அன்று, அவர் எஞ்சினுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறார், நான் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு உன் ஆங்கிலக் குறிப்பை வாசிக்கிறேன்.

"டீச்சர், புள்ளி இப்ப எங்க நிக்கிது?"

"இன்னும் ஒரு பல்லு தள்ளணும்."

"ஒரு பல்லுன்னா இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? கரும்பலகை இல்லாம எனக்கு வெளங்காது."

"ஒங்க கை இருக்கிற பக்கம்."

"ரெண்டு கையும் உள்ளுக்குத்தானே ஈக்கி!"

கலியாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே வேலையைச் செய்தது அதுதான் முதல் தடவை. என் வேலை பள்ளிக்கூடத்தில், அவர் வேலை பாதையில். இடையில் சோறும் உறக்கமும். புள்ளிகள் நேருக்கு நேர் வந்து நின்றபோது அவர் தலையைத் தூக்கி, மூக்கில் கிறீஸோடு, "படிச்ச பொஞ்சாதி இதுக்குத்தான் வேணும்" என்றார். அதை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இதை றஸ்மியாவுக்கு வாசித்துக் காட்டாதே.

பிறகு ஸ்டார்ட் பண்ணினார். தம்பி, அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய சத்தம் வயதானவர் தொண்டையைச் செருமுவது போல இருக்கும். இது நிற்கும்போது தடதட தடதடவென்று உதறுகிறது, மிதித்தால் அதட்டுகிறது. பலாமரத்துக் காகங்கள் எழும்பிப் போனவை பிற்பகல் அஸர் வரைக்கும் திரும்பவில்லை. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. நோன்பு தொடங்கியதும் ஸஹருக்கு ஊரை எழுப்ப றபான் மேளம் தட்டிக்கொண்டு வருகிற பாவா எங்கள் வாசலில் வந்து நின்று, "டீச்சர், தெருவே ஒங்கட லொறிக்கு எழும்பி நிக்கிது. இந்த வருஷம் நான் என்னத்துக்கு? எனக்குக் குடுக்கிற பெருநாக்காச லொறிக்கே குடுத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேடிக்கையாகச் சொன்னாரா வேதனையாகச் சொன்னாரா தெரியவில்லை. அவருக்கு இந்த முறை இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும்.

ஆனால் உன் மச்சானின் முகத்தை நீ அன்று பார்த்திருக்க வேண்டும். ஐம்பது தாண்டிய மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நான் கலியாணத்தன்று பார்த்த அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். மெதுவாகப் போனால் இந்த எஞ்சின் அழுகிறது, விரட்டினால் பறக்கிறது. ஆகவே அவர் விரட்டினார். முதல் புதன்கிழமை மலை உச்சிக்கு ஏறி அந்தப் பக்கம் இறங்க அவருக்கு முந்திய நேரத்தில் பாதிதான் ஆனது. வழியில் யாருக்கும் இறங்கி நடக்க இடமே கொடுக்கவில்லையாம்.

அன்று லொறி வெறுமையாகத் திரும்பியது. ஒரு பூசணிக்காய் இல்லை, ஒரு எள்ளு மூட்டை இல்லை. சனிக்கிழமையும் வெறுமை. அடுத்த புதனும் வெறுமை. எத்தனையோ வருஷமாக அந்தப் பக்கத்துச் சனங்கள் பாதையோரம் மூட்டைகளோடு வந்து நின்று "நானா, நானா" என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிவிடுவார்கள். கலியாணத்துக்குக் கூப்பிடுவார்கள், நோயாளியை ஏற்றிவிடுவார்கள், கித்துள் மரத்துப் பாணிப் போத்தலை ஆசனத்துக்குக் கீழ் வைத்துவிட்டுக் காசு வாங்காமல் போவார்கள். அந்த மனிதர் இப்போது நடுவீட்டில் உட்கார்ந்து சொல்கிறார்:

"அடுப்புல பானை கொதிக்கிது மஸீஹா, ஆளில்ல. கோப்பையில தேத்தண்ணி ஆவி பறக்குது, ஆளில்ல. ஒரு நாய் மட்டும் வந்து என்னயப் பாக்குது. நான் வாறது தெரிஞ்சே எழும்பிப் போயிருக்கிறாங்க. ஹோர்ன் அடிச்சேன். ஒருத்தரும் வரல்ல. நான் அவங்களுக்கு என்ன செஞ்சேன்?"

அன்று அவர் சாப்பிடவில்லை. வேறு முதலாளி யாரோ நுழைந்துவிட்டான், சனங்களுக்கு நான் வேண்டாதவனாகப் போய்விட்டேன் என்று அவருக்குள் ஒரு முடிவு. நோன்பு வந்த பிறகு, நோன்பு திறக்கிற கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார். "லக்கலப் பக்கம் இனிப் போறதில்ல, தம்புள்ளையில வெங்காயம் ஏத்தலாம்" என்று ஒருநாள் மெல்லச் சொன்னார். தம்புள்ளையில் லொறிகளுக்குப் பஞ்சமா? அங்கே அவர் இன்னொரு லொறிக்காரர். இந்தப் பக்கத்தில் அவர் நானா. அந்த ஒரு சொல் போய்விட்டால் மனிதர் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும்.

காரணத்தை எனக்குக் கொண்டுவந்து தந்தவள் பாப்பம்மா. உனக்கு ஞாபகம் இருக்காது, ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருப்பவள். வளையலும் ரிப்பனும் கூடையில் வைத்துக்கொண்டு எங்கள் லொறியில் ஏறி, மறுபக்கத்துக் கிராமங்களில் விற்றுவிட்டு வருவாள். சிங்களம் நன்றாகப் பேசுவாள், தமிழ் அதைவிட வேகமாக. ஒருநாள் சந்தைக்கு வந்தவள் குசினி வாசலில் வந்து குந்தினாள்.

"டீச்சரம்மா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"மொதலாளி லொறி யாருக்கும் புடிக்காமப் போகல. அது லொறின்னே அந்தச் சனங்களுக்குத் தெரியல. பழைய சத்தம்னா ரெண்டு வளைவுக்கு அங்கிட்டே, ஆ, நானா வர்றாருன்னு மூட்டையத் தூக்கிட்டு எறங்கி வருவாங்க. இப்ப இந்தச் சத்தத்தக் கேட்டா, நெல்லுத் தேடுற ஜீப்புதான் வருதுன்னு வீட்டுல உள்ளதயெல்லாம் வாரிக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடுறாங்க. முந்தியே அங்க போயிருந்த நானே ஓடுனேன்."

"நீ ஏன் ஓடினே? நீ விக்கிறது வளையல்தானே?"

"எல்லாரும் ஓடுறப்ப நான் மட்டும் நின்னா என்னயத்தானே புடிப்பாங்க?"

வீடு வீடாக அரசாங்கம் நெல்லைச் சோதனை போடுகிற காலம் என்பது உனக்குத் தெரியும். அறுவடை முடிந்த வீட்டில் ஒரு மூட்டை கூடுதலாக இருந்தாலும் பயம். பூசணிக்காய்க்குத் தடை ஒன்றும் இல்லை, ஆனால் ஓடுகிறவனுக்கு நெல் வேறு பூசணி வேறு என்று பிரித்துவைக்க எங்கே நேரம்? ஹோர்ன் அடித்ததும், ஜீப்புக்குக் கோபம் வந்துவிட்டது என்று இன்னும் தூரம் போனார்களாம். பாப்பம்மா ஒரு மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தபோதுதான் திரும்பிப் போவது எங்கள் லொறி என்று கண்டிருக்கிறாள். சொல்லியும் பார்த்தாளாம். "நானாட லொறியையும் அரசாங்கம் எடுத்துக்கிட்டுது போல" என்று அவளுக்கே அனுதாபம் சொன்னார்களாம்.

தம்பி, நான் சிரித்தேன். நோன்பை வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு பாப்பம்மா போனதும் அழுகை வந்தது. அன்றே உன் மச்சானிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் மனதிலிருந்த முள்ளை ஒரு வார்த்தையில் எடுத்திருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு போய் நீ அனுப்பியதைக் கழற்றிவிடுவார். கழற்றினால் போடுவதற்கு வேறு இல்லை, பழையதைத்தான் நீ இதுவாக மாற்றிவிட்டாய். அதைவிட, அந்தச் சத்தத்தில் அவர் முகத்தில் வந்ததை நான் பார்த்துவிட்டேன். அதையும் அவரிடமிருந்து பிடுங்குவதா? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர் நல்லதற்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், "என் யோசனையால் வந்தது" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை விடையைத் தப்பாக எழுதிவிட்டு முழங்கையால் மறைக்கும், பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு மனிதர், தான் நேசிக்கிற சனங்கள் தன்னை வெறுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கஞ்சி குடிக்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு.

ஆனால் அல்லாஹ் பெரியவன். போன வாரத்திலிருந்து எல்லாம் மாறிவிட்டது. புதன்கிழமை லொறி நிறைந்து வந்தது. பூசணி, எள், கருப்பட்டி, இரண்டு ஆடுகள்கூட. சனிக்கிழமையும் அப்படியே. உன் மச்சான் கஞ்சியை இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். "என்ன, சனங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டேன். "வராம எங்க போவாங்க?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். புதுச் சத்தத்துக்கும் அவர்கள் பழகிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். மனிதக் காது எதற்கும் பழகும், கோப்பைகள்தான் பழகுவதில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததே நல்லதாகப் போயிற்று என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. நடந்ததை நினைத்து வெட்கப்படுகிறேன், ஆனால் இனி அதைக் கிளறத் தேவையில்லை.

ஆகவே நீ மனம் நோகாதே. உன் கைவேலையில் ஒரு குறையும் இல்லை. பெருநாளுக்குப் பெரிய பாஸைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு வா. உன் மச்சானிடம் சனங்கள் ஓடிய கதையை மட்டும் மூச்சு விடாதே, அது நம் இருவருக்குள் இருக்கட்டும். றஸ்மியாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆவும் ஸலாமும். மதினி உனக்கு விசேஷமாக ஸலாம் சொல்கிறார். உன் வேர்க்ஷொப்பில் அழுக்குச் சாமான் ஏதும் இருந்தால் கொண்டுவரச் சொல்கிறார். மிச்சமிருக்கிற நோன்புகளையும் பெருநாளையும் அல்லாஹ் நமக்குச் சுகத்தோடு தருவானாக.

இப்படிக்கு,
உன் அன்பு ராத்தா,
மஸீஹா

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் பாப்பம்மா வந்தாள். வளையல் கூடை காலியாக இருந்தது. "சனங்க சத்தத்துக்குப் பழகிட்டாங்க போல" என்று நான் சொன்னேன். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"எந்தச் சத்தத்துக்கு டீச்சரம்மா? இப்பத்தான் லொறி சத்தமே போடுறதில்லையே. ஒசக்க, உச்சி வளைவுலயே மொதலாளி எஞ்சின அமத்திப்புடுறாரு. அங்கிருந்து கீழ வரைக்கும் பேய் மாதிரிச் சத்தமில்லாம உருண்டு வர்றாரு. கிராமத்துக்கு வந்து நின்ன பொறகு கதவத் தட்டி, நான்தான்னு கூப்புடுறாரு. சனம் சிரிச்சிக்கிட்டு மூட்டையத் தூக்கிட்டு வருது. போன சனிக்கிழம நானும் உள்ளுக்குத்தான் இருந்தேன். கண்ண மூடிக்கிட்டே வந்தேன்."

"அவருக்கு எப்படித் தெரியும், சனங்க ஏன் ஓடினாங்கன்னு?"

"நான்தான் சொன்னேன். ஒங்ககிட்ட சொன்னதுக்கு அடுத்த வாரமே. அவரு மனசு கேக்காம இருந்தாரு, பாவம். அப்ப, இந்தச் சாமானக் கழட்டிருங்க மொதலாளின்னேன். அதுக்கு அவரு, டீச்சர் ஆசையா நின்னு போட்டது, அவங்க தம்பி செஞ்சது, கழட்டுனா அவ மனசு ஒடைஞ்சிரும், ஒரு வார்த்த சொல்லிராதன்னு சத்தியம் வாங்கிட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதனாலதான் இவ்வளவு நாளாச் சொல்லல" என்றாள்.

புஹாரி, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த லொறியில் எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குத் துணைப் பலம். அணைத்தால் இரண்டு மூன்று மிதியோடு அது தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அது அவருடைய காலுக்கும் அந்த மலைக்கும் இடையிலான விஷயம். ஒரு பக்கம் சுவர் மாதிரிக் கற்பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. இது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்கிறார்.

மேலே நான் எழுதியதில் கடைசிப் பக்கத்தை நம்பாதே. நல்லதாகப் போயிற்று என்று எழுதினேனே, அதை முதலில் நம்பாதே. வாயை மூடிக்கொண்டிருந்தது நான் மட்டும் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேரும் மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். பாப்பம்மா ஒருத்திதான் இந்த வீட்டில் வாயைத் திறந்தவள்.

இன்று புதன். அவர் காலையிலேயே போய்விட்டார். அஸருக்குப் பிறகு நான் வாசலிலேயே நின்றேன். மதினி கஞ்சி கிண்டச் சொல்லிக் கூப்பிட்டார், கேட்காதவள் போல நின்றேன். நோன்பு திறக்கிற மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால், சந்திக்கு அப்பால் எங்கோ, அந்தத் தடதடச் சத்தம் கேட்டது. அலமாரியில் கோப்பைகளைத் திரும்ப அடுக்கி வைத்திருந்தேன். இறக்க மறந்துவிட்டேன். இன்னும் ஒன்று போயிற்று.

அவர் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். "பாதை எப்படி?" என்று கேட்டேன். "பாதைக்கு என்ன?" என்றார்.

சனிக்கிழமை லொறி புறப்படும்போது முன் ஆசனத்தில் நானும் ஏறி உட்காரப்போகிறேன். பள்ளிக்கூடம் நோன்பு லீவு, தடுக்க ஒரு காரணமும் அவருக்குக் கிடைக்காது. உச்சி வளைவில் நான் பக்கத்தில் இருக்க, அவர் எஞ்சினை அணைத்தால், அவர் மறைத்தது வெளியே வரும். அணைக்காமல் இறங்கினால் கீழே சனங்கள் மூட்டைகளோடு காட்டுக்குள் ஓடுவார்கள், நான் மறைத்தது வெளியே வரும். எது முதலில் வந்தாலும் சரி. இதை இன்னும் அவரிடமும் சொல்லவில்லை, மதினியிடமும் சொல்லவில்லை. உன் கைக்கு இந்தக் கடிதம் கிடைக்கும்போது சனிக்கிழமை கழிந்திருக்கும்.